நீலக் கப்பா, வெள்ளைக் கப்பா?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியைப் போன வாரம் மாடிப்படியில், சுவரில் காதை ஒட்டவைத்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அந்தக் காது இன்னும் அங்கேதான் இருக்கிறது. உடம்பு மட்டும் கீழே இறங்கி வந்து சமைத்தது, துவைத்தது, கடையைத் திறந்தது. காது வர மறுத்துவிட்டது.

அதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். சொன்னவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை, ஊர் முழுக்க 'ரேடியோ' என்று கூப்பிடும் வானொலி அறிவிப்பாளர். பெரிய ஊர் நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். அங்கே போகும்வரை என்று சொல்லி அக்கா வீட்டு மாடி அறைக்கு ஒரு யானைக்குட்டி அளவு சூட்கேஸோடு குடிவந்திருந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? அக்காவின் ஒரே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தேனில் முக்கிய அந்தக் குரலில் கேட்டாள்:

"நீயும் எங்கூட வந்துடேன். அங்கேயே காலேஜ் படிக்கலாம்."

மகள் என்ன பதில் சொன்னாள்? அதைக் கேட்பதற்குள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி, அருவி மாதிரிக் கொட்டி, எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டது. அன்றிலிருந்து கடைக்காரி அந்தத் தொட்டியோடு பேசுவதில்லை.

மகளுக்கு வீட்டில் 'மிளகு' என்று பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு. பள்ளிக்கூடத்தில் உளவியல் பாடத் தேர்வு எழுதப் போனவள், பிடித்த ஒரே கேள்விக்குத் தாள் தாளாக வாங்கி எழுதித் தள்ளிவிட்டு, மற்ற கேள்விகளைத் திரும்பியும் பார்க்காமல் வந்துவிட்டாள். மதிப்பெண் பாதாளத்தில். பாதாளத்தில் கிடப்பவர்களைத் தூக்கிவிட டீச்சர் கூடுதல் மதிப்பெண்ணுக்கு வழி சொல்லியிருந்தார். கண்ட கனவுகளை ஒரு வாரம் எழுதி வரலாம். ஒரு நாள் முழுக்கப் போனைப் பூட்டி வைத்துவிட்டு மனசு படும் பாட்டைச் சொல்லலாம். லிஃப்டில் எல்லோரும் கதவைப் பார்த்து நிற்கும்போது, தான் மட்டும் திரும்பி நின்று மற்றவர்கள் முகம் போகும் போக்கைக் கவனிக்கலாம். இல்லாவிட்டால், வீட்டு மனிதர்களை வைத்துத் தீங்கில்லாத ஒரு சோதனை செய்யலாம். ஆனால் கடைசியில் அவர்களை உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது டீச்சர் போட்ட கண்டிப்பான விதி.

கடைக்காரியின் தலைவலி இதுதான். மார்க் வந்தால் காலேஜ் வரும். காலேஜ் வந்தால் சித்தி பின்னால் ரயிலேறிவிடுவாள். சரி, மகளுக்கு உதவாமல் இருந்துவிடலாம் என்றால், சித்தி உதவி செய்து நல்ல பேரை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவாள். இது அதைவிடக் கொடுமை.

அன்றைக்குக் காலையில் கடைக்காரி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். காபி போட்டு, கடைக்கு எடுத்துப் போகும் பெரிய ஃபிளாஸ்கை நிரப்பி, மிச்சத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் குளியலறைக்குள் போயிருந்தாள். வெளியே கூடத்தில் மிளகின் குரல்.

"அப்பா, இங்கே வா. ரெண்டு கப்பு இருக்கு பார். நீலக் கப்புலே இருக்கறது அம்மா போட்டது. வெள்ளைக் கப்புலே இருக்கறது சித்தி போட்டது. ரெண்டையும் குடிச்சுட்டு எது நல்லாருக்குன்னு சொல்லு."

"இது எதுக்கு?"

"சைக்காலஜி. எக்ஸ்ட்ரா மார்க்."

"ஏண்டி, லிஃப்ட்லே திரும்பி நிக்கறதுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதைப் பண்ண மாட்டியா? ஊர்லே இருக்கற லிஃப்டுலே பாதி என் கையிலே இருக்கு. எந்த லிஃப்ட் வேணும், சொல்லு. நடுவழியிலே நிறுத்திக்கூடத் தரேன்!"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தன் தொழிலை மகள் சீண்டவில்லையே என்று ஒரு வாரமாக மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

"லிஃப்ட் அப்புறம். முதல்லே குடி."

ஒரு உறிஞ்சல். இன்னொரு உறிஞ்சல். கடைக்காரியின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வயிற்றில் அவள் ஊற்றிய காபியைச் சேர்த்து வைத்திருந்தால் கப்பலே விடலாம். என்ன சொல்லிவிடப் போகிறார்?

அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே தெருக்கோடி வரை கேட்கும் தொண்டை அவருக்கு.

"வெள்ளைதான். ஒரு மணம், ஒரு திடம்! சித்திக்கு நல்ல கை. அம்மாகிட்ட சொல்லிடாதே, கண்ணு."

குளியலறைக் கதவு திறந்தது. வாயெல்லாம் நுரையோடு வெளியே வந்து நின்றவளைப் பார்த்து அவர் வெள்ளைக் கப்பை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஏன் மறைக்கறீங்க? குடிங்க. நல்லாக் குடிங்க," என்றாள், நுரை தெறிக்க. "இத்தனை வருஷம் என் கையாலே கஷாயம் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு, பாவம். மாடிக்கே போய்க் குடித்தனம் இருந்துக்கோங்க!"

"அட, பரீட்சைம்மா இது. குழந்தைக்கு மார்க்..."

"மார்க் போட்டுட்டீங்களே. எனக்கு முட்டை!"

மிளகு இரண்டு பேரையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைக் கடைக்காரி கவனிக்கவில்லை. பொறாமை கண்ணை மறைத்தால் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அது கண்ணாடிக் கடைக்காரிக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகும் வழியெல்லாம் எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மேஜைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்து முறைத்தாள். அது ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. வீட்டிலும் அந்தக் குரல், கடையிலும் அந்தக் குரலா என்று அவள்தான் ஒயரைப் பிடுங்கித் திருப்பி வைத்திருந்தாள்.

முதல் ஆள் மீன்தொட்டிக் கடைக்காரர். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்து, ஆளும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார்.

"உட்காருங்க. முகவாயை இதிலே வைங்க. பலகையிலே கடைசி வரியைப் பாருங்க. இது தெளிவாத் தெரியுதா..." லென்ஸை எடுத்தாள். எடுத்த அதே லென்ஸைத் திரும்பவும் போட்டாள். "இல்லே, இது தெளிவாத் தெரியுதா?"

"ரெண்டாவது! சந்தேகமே இல்லே. பளிங்கு மாதிரி இருக்கு!"

கடைக்காரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இது அவள் தொழிலில் வைத்திருக்கும் பொறி. ஆள் கண்ணால் பார்த்துச் சொல்கிறாரா, நாக்கால் அடித்து விடுகிறாரா என்று கண்டுபிடிக்க, ஒரே லென்ஸை இரண்டு தடவை போட்டுக் கேட்பாள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டாவதுதான் என்று சத்தியம் செய்வார்கள். 'ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு' என்று சொல்கிற மகானுபாவர்கள் வந்தால் ஃபிரேமைத் துடைக்கும் துணி இலவசம்.

"இவ்வளவு பெரிய மனுஷங்க, ஒரே லென்ஸுக்கு ரெண்டு பேர் வைக்கறாங்களே!" என்று எண்ணிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஆமா, உங்க தங்கச்சி குரலைக் கேட்டு ஒரு வாரமாச்சே, லீவா?" என்றார் மீன்தொட்டிக்காரர். "காலையிலே யாரோ ஒரு சின்னப் பொண்ணு கீச்கீச்சுன்னு பேசுது. என் மீனெல்லாம் தீனியே எடுக்க மாட்டேங்குது."

"மீனுக்குக் காது எங்கே இருக்கு?"

"ரசிக்கறதுக்குக் காது எதுக்குங்க?"

"அவங்க பெரிய ஊருக்குப் போறாங்கல்ல? இந்தச் சின்ன ஊர் ரேடியோவெல்லாம் இனிமே கண்ணுலே படுமா? வாயை மூடுங்க, லென்ஸ் ஆடுது."

அவர் வாயை மூடினார். அந்தச் சேதி அவள் ஒரு காதில் நுழைந்து மறு காதால் வெளியே போனது. அந்த மறு காது மாடியில் இருந்தது வேறு விஷயம்.

சாயங்காலம் பள்ளிக்கூடப் பையோடு மிளகு நேராகக் கடைக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே வளர்ந்த கடை அது. லென்ஸ் பெட்டிதான் அவளுக்குப் பொம்மைப் பெட்டி. தடுப்புக்குப் பின்னால் போனாள், என்னவோ சத்தம் கேட்டது, இரண்டு கையிலும் கப்போடு வந்தாள். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை.

"இப்போ உன் முறை."

"நான் மாட்டேன்."

"மார்க்கும்மா."

"உங்க அப்பா மார்க் போட்டது போதாதா?"

"நீலம், நீ காலையிலே போட்டது. வெள்ளை, சித்தி போட்டுக் குடுத்தது, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். குடிச்சுட்டு நேர்மையாச் சொல்லு."

நேர்மை! நேர்மை என்றால் அவளிடம்தானே வர வேண்டும்! கடைக்காரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நீலத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.

"இது காபி. கொஞ்சம் ஆறியிருக்கு, அது என் தப்பில்லே. ஆனா பதம் பார், கசப்பும் இனிப்பும் கையைக் கோத்துட்டு வருது."

பிறகு வெள்ளை. விளிம்பில் உதடு பட்டதோ இல்லையோ, முகம் சுருங்கிக் கசங்கிய காகிதம் ஆயிற்று.

"சீச்சீ! இதுவா காபி? பாத்திரம் கழுவின தண்ணிக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு! கருகிப்போன வாடை அடிக்குதே, உனக்கு அடிக்கலே? பேசத் தெரிஞ்சாப் போதுமா, காபி போடத் தெரிய வேணாமா? இதைக் குடிச்சா உங்க அப்பா திடம், மணம்னாரு? அந்த மனுஷனுக்கு மூக்குக்கும் சேர்த்துக் கண்ணாடி போடணும்!"

"அவ்வளவு மோசமா?"

"அதைவிட மோசம். ஒரு டம்ளர் குடிச்சா ஆஸ்பத்திரி."

மிளகு எழுந்து போய்த் தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மாவின் பெரிய ஃபிளாஸ்கைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுத்தான் விழுந்தது.

"ரெண்டு கப்பும் இதிலேர்ந்துதாம்மா ஊத்தினேன்."

"எதிலேர்ந்து?"

"உன் ஃபிளாஸ்க். நீ போட்ட காபி. நான் வீட்டுக்கே போகலே. காலையிலே அப்பாவுக்குக் குடுத்ததும் நீ வெச்சுட்டுப் போன மிச்சம்தான். ரெண்டும் ஒரே காபி."

கடைக்குள் இருந்த அத்தனை ஃபிரேம்களும் அவளையே பார்த்தன. பொதுவாகவே அவை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்குக் கூர்ந்து பார்த்தன.

"முடிஞ்சதும் உண்மையைச் சொல்லணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. அதான் சொல்லிட்டேன்," என்றாள் மிளகு. "ஐடியா உன்னோடதுதான். ஒரே லென்ஸை ரெண்டு தடவை போடுவியே, அது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவியே, குடம் ஒண்ணுதானே? நீயாவது கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சேன்."

கடைக்காரிக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பு வந்து கோபத்தை முட்டித் தள்ளியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் காபியைத் தானே கழுவி ஊற்றியதற்குச் சிரித்தாள். அந்த லிஃப்ட் மனுஷன் காலையில் புகழ்ந்து தள்ளியது தன் கையைத்தான் என்பது உறைத்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்த சிரிப்பு எங்கேயோ வழியில் தடுக்கி விழுந்து, கண்ணில் தண்ணீராக வெளியே வந்தது.

"அப்போ மிச்ச உண்மையையும் சொல்லிடு," என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சித்திகூடப் போறியா?"

மிளகின் கால் ஆட்டம் நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"எனக்குக் காது இருக்கு."

"இன்னும் பதில் சொல்லலேம்மா." ஒரு கப்பை எடுத்து இன்னொரு கப்பின் பக்கத்தில் வைத்தாள். "ஒரே லென்ஸா இருந்தா, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போயிடலாம். இது வேற வேற லென்ஸ். ரெண்டிலேயும் ஏதோ தெரியுது."

இப்படி நேர்மையாகப் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் துணி இலவசம். கடைக்காரிக்குத் துணியைக் கொடுக்கக் கை வரவில்லை. தானே வைத்துக்கொண்டு இல்லாத அழுக்கைத் துடைத்தாள்.

"சித்திக்கும் குடுத்தியா?" அடக்கப் பார்த்தும் கேள்வி வந்துவிட்டது. "அவ எதைச் சொன்னா? தன்னோடதைத்தானே?"

"காலையிலே, வெள்ளை நான் போட்டதுன்னு சொல்லிக் குடுத்தேன். நீலம்னா."

"என்னோடதையா?"

"ரெண்டையும் ஒரே ஒரு வாய் குடிச்சா. அக்காவோடதுதான்னு சொன்னா. சொல்லிட்டு நீலக் கப்பை ரெண்டு கையாலேயும் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஏன்னு கேட்டேன். கண்ணுலே தூசின்னா."

கடைக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த ரேடியோவைப் பார்த்தாள். காலையில் ஒரு காதில் நுழைந்து மறு காதால் போன சேதி, சாவகாசமாகத் திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தது. யாரோ ஒரு சின்னப் பொண்ணு கீச்கீச்சுன்னு பேசுது. ஒரு வாரமாக.

ஆனால் தங்கைக்காரி தினமும் காலையில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு 'நிலையத்துக்குப் போய்ட்டு வரேன்க்கா' என்று கிளம்பினாளே?

கடையைச் சீக்கிரமே அடைத்தாள். அந்தக் கடையைச் சீக்கிரம் அடைத்ததைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் உலகம் அழியப் போகிறதோ என்று வானத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் புதிதாகக் காபி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றினாள். மிளகைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கப்பையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த யானைக்குட்டி சூட்கேஸ் இன்னும் பிரிக்கப்படாமலே மூலையில் நின்றது.

"இந்தா." இரண்டு கப்பிலும் ஊற்றினாள். "எது வேணும்?"

"எது உன்னோடது?"

"ரெண்டும். நீ தினமும் காலையிலே எங்கே போறே?"

தங்கை தேன் குரலைத் தேடினாள். அது கிடைக்கவில்லை. சின்ன வயசில், காய்ச்சலில் படுத்திருந்தபோது பேசிய கரகரத்த குரல்தான் வந்தது.

"இத்தனை நாளா மூஞ்சியைத் திருப்பிட்டுத்தானே இருந்தே? இன்னிக்காவது கேட்டியே," என்றாள். "பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வருவேன். நிறுத்திட்டாங்கக்கா. குரல் பழசாயிடுச்சாம்."

"அப்போ அந்தப் பெரிய ஊரு வேலை?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். அப்படி ஒரு வேலை இல்லை.

"அப்புறம் எதுக்குடி அந்தப் புள்ளையைக் கூப்பிட்டே?"

"உனக்குக் கடை இருக்கு, புருஷன் இருக்காரு, அவ இருக்கா. எனக்கு இருந்தது ஒரு குரல். வயித்தெரிச்சல்க்கா. ஒரு தடவையாவது அவ என்கூட வரேன்னு சொல்லிக் கேட்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டு, வேலை தள்ளிப்போச்சுன்னு ஏதாவது சொல்லிடலாம்னு நெனச்சேன்." அக்காவின் கையைப் பிடித்தாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா. அவ ஒருத்திதான் என்னை இன்னும் பெரிய ஆளா நெனச்சுட்டு இருக்கா."

கடைக்காரி ஒரு வாய் காபி குடித்தாள். ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் படுத்திய பயம் அந்த நொடியில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஒரே ஒரு வாக்கியம் போதும், மகள் எங்கேயும் போக மாட்டாள். காபி அவள் நாக்கில் அமிர்தமாக இனித்தது.

தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் குடித்தாள். அதே கப்பு, அதே காபி. கசந்தது.

அப்போது கீழே கூடத்திலிருந்து குரல் கேட்டது. இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டி நிரம்பவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக மேலே ஏறி வந்தது.

"அப்பா! நான் முடிவு பண்ணிட்டேன். சித்திகூடப் போறேன். இப்பவே சித்திகிட்டப் போய்ச் சொல்லப் போறேன்!"

படிகளில் மிளகின் கால்கள் தடதடவென்று ஏறின. தங்கையின் பிடி இறுகியது. கதவு திறந்தது. மூச்சு வாங்க நின்றவள் நீலக் கப்பைப் பார்த்தாள், வெள்ளைக் கப்பைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா, நீயும் சோதனை பண்றியா? அப்போ விதி ஞாபகம் இருக்கில்லே? முடிஞ்சதும் உண்மையைச் சொல்லணும்."